முன்பணம் நிற்கிற ஆள்

ராக்கு மதினி மஹ்மூது முதலாளிக்குத் தர வேண்டிய முன்பணம் எட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். தர வழியில்லாமல் நின்ற பணம் இல்லை அது. தீர்ந்துவிடக் கூடாதே என்று மதினி பார்த்துப் பார்த்து நிறுத்தி வைத்த பணம்.

பெரியபட்டினத்தில் கடலை ஒட்டி முதலாளியின் கருவாட்டுக் கொட்டகை இருக்கிறது. அங்கே நான் உப்பு மூட்டை தூக்குகிறேன், தொட்டியில் மீன் அடுக்குகிறேன், காய்ந்ததைச் சிப்பம் கட்டுகிறேன். மதினி மீன் வெட்டுகிறாள். மதினி என்றால் கூடப்பிறந்த அண்ணன் மனைவி இல்லை. அவள் புருஷன் எங்கள் ஊர்க்காரர், எனக்கு அண்ணன் முறை. மழை தவறி ஊரில் விவசாயம் படுத்த பிறகு இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் கடற்கரைக்கு வந்தோம். அண்ணன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. மதினியும் நானும் அதே கொட்டகையில்தான் இருக்கிறோம். அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. எனக்கு அறுபது கிட்டே நிற்கிறது.

எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்குவோம். வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். முன்பணம் நிற்கிற ஆள் வேறு கொட்டகைக்குப் போகக் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்தது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்பணம் நிற்கிற ஆளை முதலாளியும் அனுப்ப மாட்டார். அனுப்பினால் பணம் எப்படி வரும்? சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்துவிடும். நாட்டுப்படகு கொண்டு வருகிற மீன் மட்டும்தான். எல்லாருக்கும் வேலை இருக்காது. அப்போது முதலில் கூப்பிடுவது முன்பணம் நிற்கிறவர்களைத்தான்.

வயசுப் பிள்ளைகளுக்கு இது கழுத்தில் தொங்குகிற கல். எங்களுக்கு அப்படி இல்லை. வேலை என்கிற மரத்தில் எங்களைக் கட்டி வைத்திருக்கிற கயிறு அது.

பூரணம் என்று ஒருத்தி எங்களோடு வெட்டிக்கொண்டிருந்தாள். மதினி வயசுதான். மகள் கல்யாணத்தில் மொய்ப்பணம் மிஞ்சியது என்று ஒரே நாளில் முன்பணத்தைக் கட்டி முடித்தாள். எங்களுக்கெல்லாம் காராச்சேவு வாங்கிக் கொடுத்தாள். அடுத்த தடைக்காலத்தில் அவளைக் கூப்பிடவில்லை. தடை முடிந்து வந்து பார்த்தால் அவள் இடத்தில் ருக்ஸானா உட்கார்ந்திருந்தாள். பூரணம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அதிலிருந்துதான் மதினி முன்பணத்தைத் தேய விடுவதில்லை. ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் போதும், முதலாளி அறை வாசலில் போய் நிற்பாள். பேத்திக்குக் காது குத்து என்பாள். வாங்கின பணத்தைத் தொடாமல் சேலை மடிப்பில் வைத்திருந்து, வாரா வாரம் வீட்டுச் செலவுக்கு எடுப்பாள். இப்படியே அந்தப் பேத்திக்கு மூன்று தடவை காது குத்தியாயிற்று.

மீன் வெட்டுவதற்குக் குத்தவைத்து உட்கார வேண்டும். அரிவாள்மனைக் கட்டையை வலது காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து அலகில் ஓட்ட வேண்டும். தரையெல்லாம் மீன் தண்ணீரும் உப்பும். காலையில் உட்கார்ந்தால் டீ வரும்போது எழுவார்கள், சோற்றுக்கு எழுவார்கள். மதினிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. எழும்போது தூணைப் பிடிப்பாள். தூண் ஓரத்து இடத்தை யாருக்கும் விட மாட்டாள். காற்று வருகிறது என்று காரணம் சொல்வாள். அங்கே காற்று வந்ததே இல்லை.

இந்தத் தடைக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை கூலி கொடுக்கிற நேரத்தில், முதலாளி எங்கள் எல்லாரையும் கொட்டகை நடுவில் கூப்பிட்டார். பக்கத்தில் அவர் மகன் ஸுஹைர் நின்றார். துபாயிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் மீனை உள்ளே வைத்துக் காயவைக்கிற வெயில் கூடாரம் ஒன்று போடப்போவதாக அவர் போனில் பேசியதை நான் கேட்டிருந்தேன்.

"அடுத்த வாரம் நானும் எம் பொஞ்சாதி காலிதாவும் ஹஜ்ஜுக்குக் கெளம்புறோம், இன்ஷா அல்லாஹ்" என்றார் முதலாளி. "போறதுக்கு முன்னாடி யாருக்கும் சேர வேண்டிய ஹக்கு என் தலையில நிக்கக் கூடாது. கூலியில கொறை வச்சிருந்தா, வாய் தவறி ஏசியிருந்தா, மனசறிஞ்சு பொறுத்துக்கங்க. யாருக்காச்சும் என்கிட்ட வரவேண்டியது இருந்தா இப்பவே கேட்டுருங்க."

நாங்கள் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினோம்.

"எனக்கு வரவேண்டியத நானும் விட்டுட்டேன். முன்பணம் நிக்கிற அத்தனை பேருக்கும் இன்னையோட கணக்கு முடிஞ்சுச்சு."

ருக்ஸானா அழுதுவிட்டாள். அவளுக்குத்தான் அதிகமாக நின்றது. எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கலாம் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் மதினி தூணைப் பிடித்தபடி நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பேச ஆரம்பித்தாள்.

"சிரிச்சுக்கிட்டே வாரியே, என்னலே?"

"மூவாயிரம் மிச்சம் மதினி. அழவா செய்வாங்க?"

"கணக்கு முடிஞ்சுச்சுன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு?"

"கடன் போச்சுன்னு அர்த்தம்."

"பூரணத்துக்கும் போச்சுல்ல? அவளுக்கு என்ன மிச்சமாச்சு?"

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"அந்தத் தம்பி போன்ல சொன்னத நீதான கேட்டுட்டு வந்து சொன்ன? வெயில் கூடாரம் போட்டா ஆளு கொறையும்னு."

"சொன்னேன்."

"யாரு கொறைவா? ருக்ஸானாவா? அவளுக்குக் கால் நல்லா இருக்கு. மொதலாளி நாப்பது நாளு இருக்க மாட்டாரு. நல்ல மனுசன், மூஞ்சிக்கு நேரா போன்னு சொல்ல மாட்டாரு. அதான் கணக்க முடிச்சுக் குடுத்துட்டுப் போறாரு. நீயும் சேத்துத்தான், கறி எடுக்கிறவரே."

ஆட்டுக்கறி அந்த வாரம் எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து மதினி எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். டீ வந்தாலும் எழவில்லை. ருக்ஸானா ஒரு கூடை வெட்டினால் இவள் அடுத்த கூடையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். தூண் ஓரத்தைக்கூட விட்டுவிட்டு வெளிச்சத்தில், ஸுஹைர் கண்ணில் படுகிற மாதிரி நடுவில் உட்கார்ந்தாள். "காத்து வரலையா மதினி?" என்று கேட்டேன். முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சோற்று நேரத்தில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். மதினி மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி தேடுறீங்க?"

"மூக்குத்தி விழுந்துருச்சு."

மூக்குத்தி மூக்கிலேயே இருந்தது. எனக்கு விஷயம் புரிந்தது. முட்டி பூட்டிக்கொண்டது. பிடிக்கத் தூண் இல்லை. கூப்பிட்டுக் கேட்க மனசு வரவில்லை. வாசலில் ஸுஹைர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து தரையைத் தடவினேன். உட்கார்ந்த பிறகுதான் என் இடுப்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மும்முரமாகத் தேடினோம். அந்தப் பக்கம் வந்த ருக்ஸானாவும் குனிந்து தேடினாள். "இந்தக் குப்பைய அந்தப் பக்கம் தள்ளித் தேடு பிள்ள" என்று அவளை அனுப்பிவிட்டு மதினி என் தோளைப் பிடித்தாள். நான் உப்பு மூட்டையைப் பிடித்தேன். எப்படியோ இரண்டு பேரும் எழுந்தோம்.

"கெடைச்சிருச்சா?" என்றாள் ருக்ஸானா.

"கெடைச்சிருச்சு" என்றேன். "மூக்குலதான் இருந்துச்சு."

சோறு தின்னும்போது மதினி என்னிடம், "நாளைக்கு மொதலாளிகிட்டப் போறேன். நீயும் கூட வா. பேசாம நின்னாப் போதும்" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் போனோம். முதலாளி அசர் தொழுகையை முடித்துவிட்டு, அறையில் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். மூலையில் பெரிய பெட்டி இரண்டு கட்டி வைத்திருந்தது. மதினி நேராகவே ஆரம்பித்தாள்.

"பாய், என் முன்பணத்தத் திருப்பி எம் பேருல எழுதுங்க. எட்டாயிரத்து நானூத்தம்பது. வாரா வாரம் பிடிச்சுக்கங்க."

"விட்டுட்டேன்னு சொன்னேனே ராக்கு."

"நான் விடச் சொல்லிக் கேக்கலையே."

"மனசுல நிய்யத்து வச்சு விட்டதும்மா. திருப்பி வாங்க ஏலாது. ஊர்ல கடனக் குடுக்க மாட்டேன்னு சண்டை போடுவாங்க. நீ குடுத்தே தீருவேன்னு வாரியே."

மதினி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப புதுசா ஒரு அஞ்சாயிரம் குடுங்க."

"எதுக்கு?"

"பேத்திக்குக் காது குத்து."

முதலாளி தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்தினார். "ஒம் பேத்திக்கு எத்தன காது ராக்கு?"

நான் கூரையைப் பார்த்தேன். மதினி தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சே? தெரிஞ்சுதான் குடுத்தேன். மகன் குடிக்கிறான், வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்பிடிக் கேக்குறேன்னு நெனைச்சேன்."

"எம் மகன் குடிக்க மாட்டான் பாய். பீடியே இப்பத்தான் விட்டான்."

"அப்ப எதுக்கு வாங்குனே?"

மதினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பிறகு ஒன்று சொன்னாள். அதை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு வந்தாளா, அங்கேதான் வாயில் வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அன்னைக்கு எல்லாரும் தலையாட்டுனாங்க. நான் ஆட்டல பாய். ஒங்கள நான் பொறுத்துக்கல."

ஹஜ்ஜுக்குப் போகிறவரிடம் ஒருத்தி இப்படிச் சொன்னால் அவர் எப்படிப் போவார்? அவர்கள் மார்க்கத்தில் மனுசனுக்குச் செய்த குறையை அந்த மனுசன்தான் பொறுக்க வேண்டும். ஆண்டவன்கூட நடுவில் வர மாட்டான் என்று முதலாளியே எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். மதினிக்கும் அது தெரியும்.

"எதப் பொறுத்துக்கல?" என்றார் முதலாளி. குரல் இறங்கிப் போயிருந்தது.

"பூரணத்த ஏன் அனுப்புனீங்க?"

"நான் எங்க அனுப்புனேன்? அதுதான் கணக்க முடிச்சுட்டுப் போச்சு. முன்பணத்த ஒரே மூச்சுல கட்டுனா, வேற கொட்டகைக்குப் போகுதுன்னுதான அர்த்தம். போற ஆளு நல்லபடியாப் போகட்டும்னு நானும் ஒண்ணும் கேக்கல."

"அவ எங்கயும் போகல பாய். நீங்க கூப்பிடுவீங்கன்னு தடைக்காலம் பூரா வீட்டுல ஒக்காந்திருந்தா. வந்து வாசல்ல நின்னுட்டும் போனா."

"எங்கிட்டச் சொல்லலையே?"

"நீங்களும் கேக்கலையே. கணக்கு முடிஞ்சா ஆளு முடிஞ்சுச்சுன்னு நாங்க எல்லாரும் நெனைச்சுக்கிட்டோம். அதுக்குத்தான் நான் பேத்திக்குக் காது குத்திக்கிட்டே இருந்தேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். பேசாமல் நின்றால் போதும் என்றுதான் என்னை அழைத்து வந்திருந்தாள். ஆனாலும் நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருசம் எங்கிட்டக் கடன் இருந்தாத்தான் வேலை இருக்கும்னு பயந்துக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. பிறகு, "ஸுஹைர்" என்று கூப்பிட்டார்.

ஸுஹைர் வந்தார்.

"நான் வர்ற வரைக்கும் இந்தக் கொட்டகையில யாரையும் நிப்பாட்டக் கூடாது."

"நான் யார வாப்பா நிப்பாட்டுறேன்னு சொன்னேன்?"

முதலாளி மதினியைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தாள். இப்போது பேசாமல் நிற்க முடியாது. "கூடாரம் போட்டா ஆளு கொறையும்னு போன்ல சொன்னீங்களே தம்பி" என்றேன்.

"அது காயப்போட, மழை வந்தா ஓடி அள்ளி மூட ஆளு கொறையும்னு சொன்னேன் பொன்னுச்சாமியண்ணே. மீன கூடாரமா வெட்டும்?"

மதினி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ ஒண்ண அரைகொறையாக் கேட்டுட்டு வந்தே பாரு" என்றாள்.

"போதுமா ராக்கு?" என்றார் முதலாளி. "இப்பப் பொறுத்துக்கிட்டியா?"

நான் முடிந்துவிட்டது என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன். மதினி நகரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு பாய். நீங்க எத்தன வருசமா நாற்காலியில ஒக்காந்து தொழுறீங்க?"

"நாலு வருசம் இருக்கும். முட்டி மடக்க ஏலல. மடக்க ஏலாதவுங்களுக்கு மார்க்கத்துல அனுமதி இருக்கு."

"அல்லாவே ஒங்களுக்கு நாற்காலி குடுத்துட்டாரு. நீங்க எனக்குக் குடுக்கலையே."

ஸுஹைர் சிரித்துவிட்டார். முதலாளியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பாதியில் நின்றுவிட்டது. தன் முட்டியைத் தடவிக்கொண்டார். மதினியின் சேலைக்குள் மறைந்திருந்த முட்டியை அன்றைக்குத்தான் அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி ஆட்டோ பிடித்துப் பூரணம் வீட்டுக்குப் போனார். அவள் வீட்டில் இல்லை. நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் இருந்தாள். அங்கேயே போனார். முதலாளி வெயிலில் நின்று பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாராம். பூரணம் பதறிப்போய், "பொறுத்துக்கிட்டேன் பாய், மொதல்ல நெழலுக்கு வாங்க" என்றாளாம். திரும்ப வேலைக்கு வா என்று கூப்பிட்டதற்கு, "இங்க மரத்தடியில காத்து நல்லா வருது பாய்" என்று சொல்லிவிட்டாளாம். ஆட்டோக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "அவளுக்கு நெசமாவே காத்து வருது" என்றாள் மதினி.

மதினி நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெட்ட ஒரு மேசை செய்யச் சொன்னார் முதலாளி, அதற்கு ஸுஹைர் பொறுப்பெடுத்தார். அன்று மத்தியானமே வீட்டிலிருந்து ஒரு இரும்பு மேசையும் புதுக் கத்தியும் வந்தது. மேசை அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது. மதினி நாற்காலியில் உட்கார்ந்தால் தாடைதான் மேசைக்கு வந்தது, பந்தியில் இலை எட்டாத பிள்ளை மாதிரி. கத்தி அவளுக்குப் பழக்கமில்லை. காலம் பூரா அலகு நிற்கும், மீன் ஓடும். இப்போது மீன் நிற்கிறது, அலகை ஓட்டச் சொல்கிறார்கள். ஒரு கட்டா மீனை இரண்டு தரம் வெட்டி மூன்றாவது தரம் கொத்தினாள். மீன் தண்ணீர் முழுக்க மடியில் ஓடியது.

"துபாய்ல இப்பிடித்தான் வெட்டுவாங்களா தம்பி?"

"நான் அங்க ஏசி மெக்கானிக் ராக்கக்கா."

"அதான பாத்தேன். மீனு நடுங்குது."

ஸுஹைர் கோபப்படவில்லை. மேசையைத் திருப்பி அனுப்பிவிட்டு, வலைக்கயிற்றில் ஒரு துண்டு எடுத்து வந்தார். மதினியை நாற்காலியில் நேராக உட்காரச் சொன்னார். முழங்கையிலிருந்து தரை வரைக்கும் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டார். கை நீட்டச் சொல்லி, எட்டுகிற தூரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். அரிவாள்மனை எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், கழிவு எந்தக் கைப்பக்கம் விழ வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாய் ஓயாத மதினி அவ்வளவு நேரமும் போட்டோ எடுக்கிற மாதிரி ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸுக்கு நடந்தோம். பாதி வழியில்தான் கேட்டாள்.

"அளவெடுத்தாரு பாத்தியா?"

"பாத்தேன் மதினி."

"என் கைக்கு எடுத்தாரு. ருக்ஸானா என்னைய விட உசரம். அதுல அவ குனிஞ்சுதான் வெட்டணும்."

"ஆமா. அவளுக்குச் சரியா வராது."

"வராதுல்ல?" என்றாள். அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

மறுநாளே படகு கட்டுகிற ஆசாரி ஒருவர் பழைய படகுப் பலகையில் மேசை செய்துகொடுத்தார். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருந்தது, தண்ணீர் அந்தப் பக்கம் வாளியில் விழும். அரிவாள்மனையை போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். மதினி உட்கார்ந்து ஒரு மீனை ஓட்டினாள். இரண்டாவதை ஓட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அவளுக்கு என்னவோ மாதிரி இருந்தது. கீழே குனிந்து பார்த்தேன். கட்டையை அழுத்திப் பழகின வலது கால், அழுத்த ஒன்றுமில்லாமல் காற்றில் தேடிக்கொண்டிருந்தது. ஒரு செங்கலை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தேன். கால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கை தானாக ஓடியது.

"கொழுந்தனாருக்கு மூளை இருக்கு" என்றாள் மதினி. "இத்தன நாளு உப்பு மூட்டைக்கு அடியில கெடந்திருக்கு."

ருக்ஸானா எட்டிப் பார்த்து, "எனக்கு எப்பக்கா மேசை?" என்று கேட்டாள். "ஒனக்கு முட்டி இருக்குல்ல" என்றாள் மதினி. சொல்லிவிட்டு என்ன நினைத்தாளோ, ஸுஹைரைக் கூப்பிட்டு, "தம்பி, அடுத்து இவளுக்குச் செய்யுங்க. முட்டி போன பெறகு செஞ்சா என்ன பிரயோசனம்?" என்றாள். ஸுஹைர் கயிற்றை எடுக்கப் போனார்.

முதலாளி கிளம்புகிற வியாழக்கிழமை காலையில் கொட்டகை வாசலில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள் கூட்டம். வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக முதலாளி உள்ளே வந்தார். ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவர் மதினி மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"ராக்கு, வண்டி நிக்குது."

"கையில மீனு இருக்கு பாய்."

"வாயில ஒண்ணும் இல்லையே. சொல்லேன்."

"இருங்க, இந்தக் கூடை முடியட்டும்."

வேனுக்குள்ளிருந்து காலிதாம்மா, "ரயிலு போயிரும், அங்க என்ன பேச்சு?" என்று சத்தம் போட்டார்கள். முதலாளி, "நான் போறது ராக்கு கையில இருக்கு" என்று திருப்பிச் சொன்னார். கொட்டகையே சிரித்தது. மதினி மட்டும் சிரிக்காமல் மீனை வெட்டினாள். கடைசி மீனையும் பிளந்து போட்டுவிட்டு வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். பிறகு எழுந்தாள். எதையும் பிடிக்காமல் எழுந்தாள்.

"எனக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டீங்க பாய். ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. மனசறிஞ்சு பொறுத்துக்கிட்டேன். பத்திரமாப் போயிட்டு வாங்க. அங்க ரொம்ப நடக்கணும்கிறாங்க, முட்டியப் பாத்துக்கங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் முதலாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் வேனில் ஏறினார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஸுஹைர்தான் கூலி கொடுத்தார். பிடித்தம் இல்லாத முழுக் கூலியை மதினி அந்தக் கொட்டகையில் அது வரை வாங்கியதே இல்லை. ரூபாயை எண்ணினாள். அதிகமாக இருந்ததும் மறுபடி எண்ணினாள். பிறகு நோட்டுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வாங்கலாமா கூடாதா என்கிற மாதிரி நின்றாள்.

"கொறைக்காமக் குடுத்திருக்கீங்க தம்பி."

"கொறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல ராக்கக்கா. நீங்க யாருக்கும் ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல."

மதினி தயங்கினாள். இரண்டடி நடந்தாள். திரும்பி வந்தாள்.

"அப்ப, நாளைக்கு வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை வரட்டுமா?"

ஸுஹைர் அடுத்த ஆளுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"வராம? நாட்டுப்படகுல கட்டா வருதுன்னு சொல்லியிருக்காங்க. கொஞ்சம் வெள்ளனவே வந்துருங்க."

மதினி நோட்டுகளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். அந்த எட்டாயிரத்து நானூற்று ஐம்பதும் அப்போதுதான் தீர்ந்தது.